கணுவைப் பாருங்கள்: மதுரை மரங்களை அடையாளம் காண்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாலைந்து பேராக மரம் பார்க்கக் கிளம்புவோம். ஒருநாள் நாகமலை, ஒருநாள் அழகர்கோவில் சாலை, வேறு எங்கும் போக முடியாவிட்டால் வண்டியூர்க் கண்மாய்க்கரை. கூட வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

மரத்தை அடையாளம் காண முதலில் எதைப் பார்ப்பது? பூவையா, பழத்தையா?

இரண்டையும் அல்ல, கணுவைத்தான், அதாவது இலைக்காம்பு கிளையோடு சேரும் இடத்தை. பூ வருஷத்தில் மூன்று வாரம் வந்துபோகிற விருந்தாளி. இலைதான் பெரும்பாலான நாட்கள் மரத்தில் இருக்கிறது. ஆனால் எது இலை என்பதிலேயே பலருக்குத் தடுமாற்றம் வந்துவிடும்.

வேப்ப மரத்தில் ‘ஒரு இலை’ பறித்து வா என்றால், ரம்பப்பல் ஓரமுள்ள அந்தச் சின்னத் துண்டைக் கிள்ளி வருவார்கள். அது இலை இல்லை, சிற்றிலை. அப்படிப் பத்துப் பன்னிரண்டு சிற்றிலைகள் ஒரு நடுநரம்பில் இரண்டு பக்கமும் அடுக்கியிருக்கிறதே, அந்த முழு ஈர்க்குத்தான் ஒரு இலை. இதைக் கூட்டிலை என்பார்கள். எப்படித் தெரிந்துகொள்வது? காம்பு கிளையைத் தொடும் இடுக்கில் விரலை வைத்துப் பாருங்கள். இலையாக இருந்தால் அந்த இடுக்கில் சிறு மொட்டு இருக்கும். சிற்றிலையின் இடுக்கில் மொட்டு இருக்காது. முருங்கையில் இதைச் செய்து பார்த்தால் அசந்துபோவீர்கள். கிளை கிளையாகப் பிரிந்து கீரைக்கட்டு மாதிரி தொங்குகிற அத்தனையும் சேர்ந்து ஒரே ஒரு இலை.

இந்த ஒரு வித்தை பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. அரசு, பூவரசு, நாவல், மருது, இலுப்பை எல்லாம் தனி இலைக்காரர்கள். வேம்பு, புங்கம், புளி, கொன்றை, வாகை, வேலம் கூட்டிலைக்காரர்கள்.

இலையில் வேறு என்னென்ன கவனிக்க வேண்டும்?

இலைகள் எதிரெதிரே ஜோடியாக நிற்கின்றனவா, மாறி மாறி நிற்கின்றனவா என்று பாருங்கள். நாவலும் கடம்பும் தேக்கும் ஜோடி. அரசும் பூவரசும் மாறி மாறி. பிறகு காம்பைக் கிள்ளிப் பால் வருகிறதா பாருங்கள். கசக்கி முகருங்கள். வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். விளா, வில்வம், எலுமிச்சை, கறிவேப்பிலை எல்லாம் ஒரே குடும்பம். இலையை வெளிச்சத்தில் பிடித்தால் ஊசியால் குத்தியதுபோல எண்ணெய்ப் புள்ளிகள் தெரியும்.

வேம்பையும் மலைவேம்பையும் எப்படிப் பிரிப்பது? இரண்டும் கசக்கிறதே?

நாக்கை விட்டுவிட்டுக் கண்ணை நம்புங்கள். வேப்பிலையில் நடுநரம்பு ஒன்றுதான். சிற்றிலைகள் அதிலேயே ஒட்டியிருக்கும். மலைவேம்பில் அந்த நடுநரம்பிலிருந்து கிளைநரம்புகள் பிரிந்து, அவற்றில் சிற்றிலைகள் இருக்கும். அதாவது இரட்டைக் கூட்டிலை, சில சமயம் மூன்றடுக்கு. பழமும் காட்டிக்கொடுக்கும். வேப்பம்பழம் விரல்நுனி அளவு, மஞ்சளாகி உதிரும். மலைவேம்பின் காய் அதைவிட நன்றாகப் பெரியது, பச்சை ஆலிவ் காய் போலக் கொத்தாகத் தொங்கும். பிளைவுட்டுக்காக வரிசையாக நட்ட தோட்டம் என்றால் அது மலைவேம்பாகத்தான் இருக்கும்.

அரசமரமும் பூவரசும் ஒன்றுதானா?

இல்லை. இரண்டுக்கும் இதய வடிவ இலை, அதனால் வந்த குழப்பம். அரச இலையின் நுனி வால் போல நீண்டிருக்கும். காற்றே இல்லாதபோதும் சலசலக்கும். கிள்ளினால் பால் வரும். பூவரசின் நுனி சாதாரணக் கூர், பாலும் வராது. பூவைப் பார்த்துவிட்டால் சந்தேகமே மிஞ்சாது. பூவரசம்பூ காலையில் மஞ்சளாக மலர்ந்து, வாடும்போது செம்மையும் ஊதாவுமாக மாறிவிடும். அதன் நடுவில் மகரந்தங்கள் ஒரு தண்டு போலச் சேர்ந்து நிற்கும். செம்பருத்தியிலும் பருத்தியிலும் வெண்டைப்பூவிலும் அதே தண்டைப் பார்க்கலாம். எல்லாம் அக்கா தங்கைகள். இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதியவர்களுக்கு இந்த விளக்கமெல்லாம் தேவையில்லை.

பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து மேற்கே போனால் வரும் அரசரடியின் பெயரில் நிற்பது அரசமரம்தான், அரசர் அல்ல என்று நான் சொன்னால் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது.

அத்தி பூக்கவே பூக்காதா?

பூக்கும். பூவைத்தான் நாம் காய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அத்திக்காயைப் பிளந்து பாருங்கள், உட்சுவர் முழுக்க நூற்றுக்கணக்கில் பொடிப்பொடிப் பூக்கள். அடியில் உள்ள ஊசித்துளை வழியாகச் சின்னஞ்சிறு குளவி உள்ளே நுழைந்து மகரந்தச் சேர்க்கை செய்கிறது. ‘அத்தி பூத்தாற்போல’ என்று சொன்னவர்கள் வெளியே நின்று பார்த்தவர்கள்.

ஆல், அரசு, அத்தி, இத்தி என்று இந்தக் குடும்பத்துக்கு ஒரு பொது முத்திரை உண்டு. கிளைநுனியில் இளந்தளிரை ஓர் உறை குல்லாய் மாதிரி மூடியிருக்கும். அது உதிர்ந்த இடத்தில் கிளையைச் சுற்றி மோதிரம் போட்டதுபோல ஒரு வளையத் தழும்பு விழும். பாலும் வளையமும் சேர்ந்து இருந்தால் குடும்பம் தெரிந்துவிட்டது. அதற்குள் எது என்பதைப் பழம் சொல்லும். அடிமரத்திலும் பெருங்கிளையிலும் கொத்துக் கொத்தாகக் காய்த்தால் அத்தி. இலை இடுக்கில் காம்பில்லாமல் ஜோடியாகச் சிவந்து பழுத்தால் ஆல். விழுதைப் பார்த்து ஆல் என்று சொல்லிவிடலாமே என்பீர்கள். இளம் ஆலமரத்தில் விழுது எங்கே இருக்கிறது?

கருவேலம், சீமைக்கருவேலம், வன்னி, உடை: இவற்றைப் பிரித்துச் சொல்ல முடியுமா?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். சீமைக்கருவேலம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவையொட்டி ஊர் ஊராக அதை வெட்டினார்கள். எங்கள் ஊர்க் கண்மாய்க்கரைக்கும் பொக்லைன் வந்தது. சாயங்காலம் போய்ப் பார்த்தபோது, சீமைக்கருவேலத்தோடு சேர்ந்து மூன்று நாட்டுக்கருவேலமும் ஒரு பழைய வன்னியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. வண்டி ஓட்டியவர்மீது தப்பில்லை. முள் இருந்தால் வெட்டு என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

பூவிலிருந்து தொடங்குங்கள். கருவேலத்தின் பூ உருண்டை. மஞ்சள்பொடியில் புரட்டிய பட்டாணி மாதிரி, வாசனையோடு இருக்கும். சீமைக்கருவேலத்தின் பூ உருண்டையே அல்ல. வெளிறிய பச்சை மஞ்சளில், விரல் நீளத்துக்குப் பூனைவால் போலத் தொங்கும். காய் இன்னும் தெளிவு. கருவேலங்காய் மணிமாலை, ஒவ்வொரு விதைக்கும் நடுவே இடுப்பு ஒடுங்கி, மேலே சாம்பல்நிற வெல்வெட்டுப் பூச்சு இருக்கும். ஆட்டுக்குப் போட அதைத்தான் உலுக்குவார்கள். சீமைக்கருவேலங்காய் வைக்கோல் மஞ்சள், சற்று வளைந்து, சதைப்பற்றாக இருக்கும். கடித்தால் இனிப்பு.

வன்னியில்தான் ஏமாறுவார்கள். அதன் பூவும் கதிர்தான், சீமைக்கருவேலத்துக்கு நெருங்கிய சொந்தம். இங்கே முள்ளைப் பாருங்கள். சீமைக்கருவேலத்தில் முள் கணுவில்தான் இருக்கும், பெரும்பாலும் ஜோடியாக. வன்னியில் சிறிய, அடி பருத்த முட்கள் கணுவுக்கும் கணுவுக்கும் இடையே சிதறிக் கிடக்கும். இலை சாம்பல் படிந்த பச்சை, மெல்லிய கிளைகள் தாழத் தொங்கும், காய் சீமைக்கருவேலத்தைவிட ஒல்லி. பெரும்பாலும் ஒரே அடிமரமாக நிமிர்ந்து நிற்கும். சீமைக்கருவேலமோ அடியிலேயே நாலாகப் பிரிந்து புதராகிவிடும்.

வெள்வேலம் என்றால் வெளுத்த பட்டை, மழைக்காலத்தில் கிளைநுனி முழுக்க வெண்மஞ்சள் உருண்டைப் பூங்கொத்து. குடை விரித்ததுபோலத் தட்டையான தலையும், சுருண்ட காயும் இருந்தால் குடைவேல். இதைத்தான் தெற்கே பலர் உடைமரம் என்கிறார்கள்.

ஒரே ஒரு அடையாளத்தை வைத்து அரிவாளைத் தூக்காதீர்கள். குறைந்தது இரண்டு சாட்சி வேண்டும். முள்ளோடு பூ, அல்லது முள்ளோடு காய்.

மதுரையைக் கடம்பவனம் என்கிறார்களே, அந்தக் கடம்பு எப்படி இருக்கும்?

மீனாட்சியம்மன் கோயிலின் தலமரம் கடம்பு. சுந்தரேசுவரர் சன்னிதிப் பிராகாரத்தில் பழைய கடம்பின் காய்ந்த அடிமரத்தை இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அதைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து ‘கடம்பு எது’ என்று கேட்டால் மூன்று மரங்களைக் காட்டுவார்கள்.

முதலாவது, நர்சரியில் கடம்பு என்று விற்பது. பெரிய பளபளப்பான இலை, விரைவாக உயரும் மரம். பூ, எலுமிச்சம்பழ அளவுப் பந்து. ஆரஞ்சு உருண்டைமீது வெள்ளை ஊசிகள் குத்தி வைத்ததுபோல இருக்கும். இது ஈரக்காட்டு மரம். நம் ஊரில் தண்ணீர் ஊற்றி வளர்த்தால் வளரும். இரண்டாவது, நீர்க்கடம்பு. இலை சற்று வட்டம், பூப்பந்து சின்னது, கோலிக்குண்டை ஒட்டிய அளவு, வெண்மஞ்சள் நிறம். வறண்ட காட்டிலும் ஓடைக்கரையிலும் தானாக வளர்வது இதுதான். மூன்றாவது, செங்கடம்பு. இது முற்றிலும் வேறு குடும்பம். பூப்பந்தே கிடையாது, நீளமான சரத்தில் சிவப்பு நூல்குஞ்சங்கள் தொங்கும், காய்க்கு நான்கு பட்டை.

பூ இல்லாத நாளில்? முதல் இரண்டிலும் இலைகள் எதிரெதிர் ஜோடி. அந்த ஜோடிக்கு நடுவே, காம்புகளுக்கு இடையில், சின்னச் செதில் ஒன்று ஒட்டியிருக்கும். காப்பிச் செடியிலும் இட்லிப்பூச் செடியிலும் உள்ள அதே செதில். இந்த இரண்டு கடம்பும் காப்பியும் இட்லிப்பூவும் ஒரே குடும்பம். செங்கடம்பில் இலைகள் மாறி மாறி, கிளைநுனியில் நெருங்கி நிற்கும்.

கோயில் வாசலில் நட மரம் கேட்கிறவர்களுக்கு நான் நீர்க்கடம்பைத்தான் சொல்வேன். பந்து சின்னதாயிருக்கிறதே என்று முகம் சுளிப்பார்கள். வைகையின் கோடைக்கு அதுதான் தாங்கும்.

எங்கள் தெருவில் உயரமாக, ஒல்லியாக நிற்பது அசோகமரம்தானே?

அது நெட்டிலிங்கம். பள்ளி, திருமண மண்டபம், வங்கி வாசல் எல்லாவற்றிலும் அசோகா என்ற பெயரில் நிற்பது இதுதான். அலை அலையான ஓரமுள்ள தனி இலை. பச்சை நட்சத்திரப் பூ பூப்பதே தெரியாது. கருநீலப் பழத்தை வௌவாலும் குயிலும் தின்னும். நிஜ அசோகு கூட்டிலை மரம். இளந்தளிர் செம்புநிறத்தில் துவண்டு தொங்கும். ஆரஞ்சும் சிவப்புமாகப் பூங்கொத்து முற்றிய கிளையிலிருந்தே வெடித்து வரும். ரொம்ப நாள் நானும் நெட்டிலிங்கத்தை அசோகு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன்தான்.

சாலையோரம் மஞ்சளாகப் பூக்கிறதெல்லாம் கொன்றையா?

கொன்றை என்பது நாம் தாராளமாக வழங்கும் பட்டம். சரக்கொன்றையின் பூ சரமாகக் கீழே தொங்கும். காய், கருத்த உருளைத்தடி, ஒன்றரை இரண்டு அடி நீளம். மஞ்சள் கொன்றையின் பூங்கொத்து மேல்நோக்கி நிற்கும், காய் தட்டை. இரண்டிலும் கூட்டிலை ஒற்றை அடுக்கு. இயல்வாகை என்ற பெருங்கொன்றையில் இலை இரட்டை அடுக்கு. பூமொட்டு துருப்பிடித்த நிறத்தில் இருக்கும், காய் செப்புத்தகடு மாதிரி மாதக்கணக்கில் மரத்திலேயே நிற்கும். பூ செந்நிறமாக இருந்து இலை இரட்டை அடுக்காக, காய் வாள் போல இருந்தால் அது குல்மோகர். மடகாஸ்கர் நாட்டு மரம். அதன் நாட்டு உறவினர் வாதநாராயணன். வெள்ளையாய்ப் பூத்து மஞ்சளாகப் பழுக்கும் பூ, மூட்டுவலிக்காரர்கள் தேடும் கீரை.

வாகை வேறு, தூங்குமூஞ்சி வேறா?

வேறு. வாகையின் பூ இளம்பச்சை கலந்த வெண்மை, வாசனை தெருமுனைவரை வரும். தூங்குமூஞ்சிக்கு இளஞ்சிவப்புப் பவுடர்பஃப். வாகைக்காய் தட்டையான வைக்கோல்நிறக் காகிதம். இலையுதிர்ந்த தை, மாசியில் காற்றடித்தால் மரமே கிலுகிலுப்பை ஆகிவிடும். தூங்குமூஞ்சிக்காய் கறுத்து, தடித்து, பிசுபிசுவென்று இனிக்கும், மாடுகள் விடாது. சாயங்காலம் தூங்குமூஞ்சியில் சிற்றிலைகள் மடிந்துகொள்ளும், பெயர் அதனால்தான். ஆனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், வாகையும் புளியும்கூட இரவில் மடிக்கும்.

மூன்று இலை இருந்தால் வில்வம்தானே?

மாவிலங்கத்துக்கும் மூன்று சிற்றிலைகள்தான். வில்வத்தில் முள் உண்டு, இலையில் எண்ணெய்ப் புள்ளியும் வாசனையும் உண்டு, பழம் வழவழப்பான ஓடு. மாவிலங்கத்தில் முள் இல்லை. பூவில் மகரந்தக் கம்பிகள் சிலந்திக்கால் போல நீண்டிருக்கும். பிள்ளையார் சதுர்த்திக்கு வாங்கும் விளாம்பழம் மூன்றாவது கட்சி: சொரசொரப்பான சாம்பல் ஓடு, ஐந்தேழு சிற்றிலை, அவற்றைத் தாங்கும் நடுநரம்பில் சிறகு மாதிரி விளிம்பு. விளாங்குடிக்கும் விளாச்சேரிக்கும் பெயர் கொடுத்த மரத்தை அங்கே இப்போது தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மருதமரத்தை எளிதாகக் கண்டுபிடிக்க வழி?

நீர்மருது ஆற்றங்கரை மரம். கிராமத்தில் இன்றும் சிலர் மதுரையை ‘மருதை’ என்பார்கள். பட்டை வழவழப்பாக, வெளிறிய சாம்பல், ரோஜா நிறத் திட்டுகளோடு தோல் உரிந்த மாதிரி இருக்கும். கீழே குனிந்து காயை எடுங்கள். ஐந்து சிறகு, சின்ன நட்சத்திரப் பழம் மாதிரி, மரக்கட்டையாக இருக்கும். இன்னும் சந்தேகமா? இலையைத் திருப்பிப் போட்டு, காம்பு சேரும் இடத்தில் இரண்டு சிறு முடிச்சுகள் இருக்கின்றனவா பாருங்கள்.

ஒரே மரத்துக்கு ஊருக்கு ஒரு பெயர் இருக்கிறதே, எதை எழுதிவைப்பது?

உங்கள் ஊர்ப் பெயரையும் எழுதுங்கள், தாவரவியல் பெயரையும் எழுதுங்கள். உசிலம்பட்டிக்குப் பெயர் தந்த உசிலையை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் தேய்த்துக் குளிக்க அதன் இலைப்பொடியைத்தான் பாட்டிமார் வைத்திருந்தார்கள். கோயம்புத்தூர்ப் பக்கம் அந்தப் பொடிக்கு அரப்பு என்று பெயர், மரமும் சிலருக்கு அரப்பு மரம். அல்பீசியா அமாரா என்று எழுதினால் சண்டை தீர்ந்தது. வாகைக்கு நெருங்கிய சொந்தம். ஆனால் சிற்றிலைகள் கம்பரிசி அளவுக்குப் பொடிசு.

தாவரவியல் பெயரும் எப்போதும் உண்மை பேசாது. புளியின் பெயரில் ‘இண்டிகா’ இருக்கிறது, மரமோ ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. அரேபியர்கள் அதை இந்தியப் பேரீச்சை என்று அழைத்ததால் ஒட்டிக்கொண்ட பெயர்.

இலையே இல்லாமல் மொட்டையாக நிற்கும்போது?

தரையைப் பாருங்கள். போன பருவத்தின் காய், காய்ந்த பூ, இலைச்சருகு எல்லாம் அங்கேதான் கிடக்கும். இலுப்பை பங்குனியில் அப்படித்தான் பிடிபடும். விடிகாலையில் மரத்தடி முழுக்க வெண்ணெய் நிறத்தில் சதைப்பற்றான, இனிக்கும் பூக்கள் உதிர்ந்து கிடக்கும். ஆலை இல்லாத ஊருக்குச் சர்க்கரை என்று சொன்னது இதைத்தான்.

கடித்துப் பார்த்துக் கண்டுபிடிக்கலாமா?

தெரிந்த மரம் தவிர வேண்டாம். எட்டிமரத்தின் பழம் ஆரஞ்சு மாதிரி உருண்டு அழகாக இருக்கும்; கொட்டையில் கொடிய நஞ்சு. அதை அடையாளம் காண, எதிரெதிர் இலையில் அடியிலிருந்தே மூன்று முதல் ஐந்து நரம்புகள் நுனிவரை ஓடுவதைப் பாருங்கள். மஞ்சள் அரளியில் எல்லாப் பாகமும் நஞ்சு. சேங்கொட்டையின் சாறு தோலில் பட்டாலே கொப்புளிக்கும். பிள்ளைகளைக் கூட்டிப் போகும் நாளில் ‘கசக்கி முகர்’ பாடத்தைக்கூட நான் முதலில் மரத்தைத் தெரிந்துகொண்ட பிறகே நடத்துவேன்.

கைப்பேசிச் செயலி போதாதா?

உதவும், குறிப்பாகப் பூ இருந்தால். கூட்டிலை மரத்தில் ஒரு சிற்றிலையை மட்டும் படம் எடுத்துக் கொடுத்தால் அதுவும் நம்மைப் போலவே உளறும். முழு இலை, அதன் பின்புறம், கணு, பட்டை, பூ அல்லது காய் என்று ஐந்து படம் எடுங்கள். இலைக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்தால் அளவும் தெரியும்.

எந்த மாதம், எங்கே போகலாம்?

பங்குனியும் சித்திரையும். புங்கம் பூத்துத் தெருவில் பொரி கொட்டியிருக்கும், வேம்பு பூத்திருக்கும், அழகர் ஆற்றில் இறங்கும் சமயத்தில் கொன்றையும் குல்மோகரும் உச்சத்தில் இருக்கும். நாவலுக்கும் வேப்பம்பழத்துக்கும் ஆனி, ஆடி. தொடங்குகிறவர்களுக்குக் கீழக்குயில்குடி சமணர் மலையடிவாரம் நல்ல இடம்; ஆலமர நிழலும் தாமரைக் குளமும் இருப்பதால் வெயில் ஏறினாலும் உட்காரலாம். கொஞ்சம் பழகியதும் அழகர்மலையில் நூபுர கங்கைக்கு ஏறும் பாதை.

அரிட்டாபட்டிக்கும் போகலாம். தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக 2022இல் அறிவிக்கப்பட்ட இடம் அது. அங்கே மட்டும் நோட்டும் கேமராவும் போதும். இலை பறிக்க வேண்டாம். கீழே கிடக்கும் காயைப் பார்த்து, படமெடுத்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.